காட்டுச் செடியில் ஷிஃபா: சோதித்துப் பார்ப்பதும் நம் பொறுப்பே

(நம் அறக்கட்டளையின் வருடாந்திரக் கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் செயலாளர் வரவு செலவை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். கணக்கு அச்சிட்டு உங்கள் கையில் தரப்பட்டிருக்கிறது. அதனால் இன்று எனக்குக் கிடைத்த நேரத்தை வேறொரு விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வருடம் வந்த விண்ணப்பங்களில் ஒன்று கமிட்டியில் நீண்ட நேரம் பேசப்பட்டது. நம் தெருப் பிள்ளை ஒருத்தி வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் வாங்கியிருக்கிறாள். காட்டிலும் தரிசிலும் தானாக முளைக்கும் செடிகளிலிருந்து சேர்மங்களைப் பிரித்து, அவற்றுக்கு மருந்துக் குணம் இருக்கிறதா என்று சோதிப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்டார்: "இலையையும் வேரையும் அரைச்சுப் பார்க்கிறதுக்கு ஒரு படிப்பா? நம்ம நன்னாமார்களுக்குத் தெரியாத மூலிகையா? அதுக்கு ஜனங்க குடுத்த சதகா பணத்தைக் குடுக்கணுமா?"

அவர் கேட்டதில் தவறில்லை. பொதுப் பணம் அமானத். அதைச் செலவழிக்கும்போது கேள்வி வரத்தான் வேண்டும். அன்று கமிட்டியில் நான் சொன்ன பதிலை இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். அன்று சொல்லாத ஒன்றையும் சொல்லப்போகிறேன்.

அன்பர்களே, நம் மையவாடியின் சுவரோரத்தில் நித்தியகல்யாணிச் செடி புதராக மண்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆடுகூடக் கடிப்பதில்லை. நம்மூரில் சிலர் அந்தப் பூவையும் இலையையும் பறித்துப் போய்ச் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைக்கிறார்கள். இந்தப் பழக்கம் நம்மூரில் மட்டும் இருப்பதல்ல. கடல் கடந்த ஜமைக்காத் தீவிலும் இருந்தது. 1952இல் அங்கிருந்து ஒரு மருத்துவர் இந்தச் செடியின் 25 இலைகளைக் கனடாவில் இருந்த நண்பருக்குத் தபாலில் அனுப்பினார். அது ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 'இங்கே சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள், என்னவென்று பாருங்கள்' என்பதுதான் கேள்வி.

அவர் இலையின் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ஊசியாகப் போட்டுப் பார்த்தார். அப்போதும் சர்க்கரை குறையவில்லை, ஆனால் எலிகள் சில நாட்களில் செத்துப்போயின. ஏன் செத்தன என்று அறுத்துப் பார்த்தபோது, உடம்பெல்லாம் கிருமித் தொற்று. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. நோயை எதிர்க்கும் படையே அழிந்திருந்தது.

இன்னொருவராக இருந்தால் 'இது விஷச் செடி' என்று தூக்கி எறிந்திருப்பார். நோபிளும் அவருடன் சேர்ந்த சார்லஸ் பியரும் வேறுவிதமாக யோசித்தார்கள். வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? அப்படியானால் அணுக்களைக் குறைக்கும் அந்தப் பொருள் எது? இலையில் உள்ள நூற்றுக்கணக்கான பொருட்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, 1958இல் ஒரு சேர்மத்தைத் தனியே எடுத்தார்கள். அதற்கு வின்பிளாஸ்டின் என்று பெயர். பின்னர் அதே செடியிலிருந்து அமெரிக்காவின் ஒரு மருந்து நிறுவனத்தார் வின்கிறிஸ்டின் என்ற இன்னொன்றையும் பிரித்தார்கள். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் உலகம் முழுவதும் கொடுக்கப்படும் மருந்துகளில் வின்கிறிஸ்டினும் ஒன்று. நம் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் வானம் பார்த்த நிலங்களில் இந்தச் செடியைப் பயிரிட்டு, இலையும் வேரும் ஏற்றுமதியாகின்றன.

இந்தக் கதையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. மையவாடியில் முளைத்த செடிக்குள் அல்லாஹ் ஷிஃபாவை வைத்திருந்தான் என்பது முதல் பாடம். ஆனால் மக்கள் எந்த நோய்க்கு என்று நினைத்தார்களோ அந்த நோய்க்கு அல்ல என்பது இரண்டாவது பாடம். சர்க்கரைக்கு என்று தினமும் காலையில் இந்தக் கஷாயத்தைக் குடிப்பவருக்குச் சர்க்கரை குறையும் என்பதற்கு அந்தச் சோதனையில் ஆதாரம் கிடைக்கவில்லை. வெள்ளை அணுவைத் தாக்கும் பொருள் அந்த இலையில் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைத்தது. சோதித்துப் பார்க்காமல் இந்த இரண்டில் எதுவும் தெரிந்திருக்காது.

நம் நன்னாமார்களின் அறிவை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த அறிவுதான் பல நேரங்களில் வாசலைத் திறந்துவிடுகிறது. சீனாவில் நடந்ததைச் சொல்கிறேன். 1967இல் மலேரியாவுக்கு மருந்து தேட அந்நாட்டு அரசாங்கம் ஒரு ரகசியத் திட்டம் தொடங்கியது. 1969இல் தூ யூயூ என்ற பெண் ஆராய்ச்சியாளர் அதில் சேர்ந்தார். அவர் குழு பழைய வைத்திய ஏடுகளையெல்லாம் புரட்டி, சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380க்கும் மேற்பட்ட சாறுகளை எடுத்துச் சோதித்தது. அதில் மாசிப்பத்திரி வகையைச் சேர்ந்த ஒரு செடி கொஞ்சம் பலன் காட்டியது. ஆனால் மறுபடி செய்து பார்த்தால் பலன் வரவில்லை. ஒரு தடவை வருகிறது, மறு தடவை இல்லை.

தூ யூயூ மறுபடியும் ஏட்டைப் பார்த்தார். 4ஆம் நூற்றாண்டில் ஒரு வைத்தியர் எழுதிய குறிப்பில், அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கும்படிதான் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. சூட்டில்தான் மருந்து கெட்டுப்போகிறதோ என்று அவருக்குத் தோன்றியது. குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாற்றை எடுத்தார். 1971 அக்டோபரில், 191ஆவது மாதிரி, எலிகளின் உடம்பிலிருந்த மலேரியா ஒட்டுண்ணிகளை முழுமையாக அழித்தது. நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன்னால், 1972இல், அவரும் சக ஊழியர்களும் தாங்களே அதைக் குடித்துப் பார்த்தார்கள். ஆர்ட்டிமிசினின் என்ற அந்த மருந்துக்காக 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் வீட்டு வழக்கப்படி நன்றாகக் கொதிக்கவைத்துக் கஷாயமாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மருந்து சட்டியிலேயே கெட்டிருக்கும். குடித்தவர் 'மூலிகை குடித்தேனே' என்று நிம்மதியாக இருந்திருப்பார். காய்ச்சல் மட்டும் அவரை விட்டிருக்காது. ஆகவே செடி எது என்பதோடு கேள்வி முடிவதில்லை. எந்தப் பாகம், எப்போது பறித்தது, எப்படி எடுத்தது, எவ்வளவு கொடுத்தது என்பவையும் சேர்ந்தால்தான் அது மருந்து.

சகோதரர்களே, இதெல்லாம் மேல்நாட்டார் சொல்லிக்கொடுத்த பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தபோது இப்னு சீனா என்ற பெயரைப் பெருமையாகச் சொல்வோம். அவர் என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது. கல்லூரியில் வேதியியல் படிக்கப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1037இல் மறைந்த அந்த மேதை, தம்முடைய 'அல்கானூன் ஃபித்திப்' என்ற நூலின் இரண்டாம் பாகத்தில், ஒரு மருந்தை எப்படிச் சோதிப்பது என்று விதிகளே வகுத்திருக்கிறார். மருந்தில் வேறு பொருளின் கலப்போ தற்செயலான மாற்றமோ இருக்கக் கூடாது. பல நோய்கள் சேர்ந்த ஆளிடம் சோதிக்கக் கூடாது, ஒரே நோய் உள்ளவரிடம்தான் பார்க்க வேண்டும். நோயின் அளவுக்கு மருந்தின் அளவு இருக்க வேண்டும். கொடுத்த எவ்வளவு நேரத்தில் பலன் தெரிகிறது என்று கவனிக்க வேண்டும். ஒருவருக்குக் குணமானால் போதாது, பலரிடம் திரும்பத் திரும்ப அதே பலன் வர வேண்டும், இல்லையேல் அது தற்செயல். சிங்கத்திலோ குதிரையிலோ செய்து பார்த்ததை வைத்து மனிதனுக்கு முடிவு செய்யக் கூடாது, கடைசியில் மனிதரிடம்தான் சோதிக்க வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய எழுத்து இது.

அவருக்கும் முன்னால், 925 வாக்கில் மறைந்த அர்ராஸி, மூளைக் காய்ச்சல் அறிகுறி உள்ளவர்களில் ஒரு சாராருக்கு ரத்தம் குத்தி எடுத்தார். இன்னொரு சாராருக்கு வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டு, வித்தியாசத்தைக் கவனித்ததாக எழுதியிருக்கிறார். அவர் செய்த சிகிச்சை சரியா என்பது வேறு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதைத்தான் கவனிக்க வேண்டும்.

இந்த ஒப்பீடு ஏன் அவசியம்? நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் காமாலை வந்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்போம். இரண்டு மூன்று வாரத்தில் கண்ணின் மஞ்சள் இறங்கிவிடும். 'பாத்தியளா, கீழாநெல்லி எடுத்துருச்சு' என்போம். ஆனால் கெட்ட தண்ணீரால் வரும் ஏ வகைக் காமாலை பெரும்பாலோருக்கு எதுவும் கொடுக்காவிட்டாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அப்படியானால் இறங்கியது கீழாநெல்லியாலா, தானாகவா? கொடுக்காத ஒரு குழுவோடு ஒப்பிடாமல் எப்படிச் சொல்வது?

சென்னையில் ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் செய்தார்கள். பி வகைக் காமாலைக் கிருமியை நாள்பட உடம்பில் சுமப்பவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கீழாநெல்லிப் பொடி அடைத்த மாத்திரை, இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஒரு மாதம் கொடுத்தார்கள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. 1988இல் லான்செட் என்ற உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் இது வெளியானபோது நம் மாநிலமே பெருமைப்பட்டது. நானும் பெருமைப்பட்டேன்.

பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தார்கள். தாய்லாந்தில் செய்தார்கள். அந்தப் பலன் வரவில்லை. பல சோதனைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள், கீழாநெல்லி அந்தக் கிருமியை வெளியேற்றும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். செடி வகை வேறாக இருந்ததா, விளைந்த மண் வேறா, முதல் சோதனையில் ஆட்கள் குறைவா என்றெல்லாம் விவாதம் நடந்தது. இதைக் கேட்டு வருத்தப்பட வேண்டியதில்லை. நம் ஊர்க்காரர்கள் நேர்மையாகச் சோதித்தார்கள், முடிவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள், மற்றவர்கள் மறுபடி சோதித்தார்கள். அப்படித்தான் உண்மை தெரியவரும். இப்னு சீனா சொன்ன 'பலரிடம் திரும்பத் திரும்ப' என்ற விதிதான் இது.

இதில் நமக்கு ஒரு நடைமுறை விஷயமும் இருக்கிறது. பி வகைக் காமாலைக்குத் தடுப்பூசி இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள். அதைப் போடவிடாமல், 'காமாலை வந்தா கீழாநெல்லி இருக்கு' என்று சொல்லும் தாய்மாரும் மாமியாரும் இந்தக் கூட்டத்தில் இருந்தால், தயவுசெய்து யோசித்துப் பாருங்கள்.

இனி, செடியைச் சோதிக்காமல் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடம்பு இளைக்க வைக்கும் ஒரு மருத்துவகத்துக்குப் போன பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. நூறு பேருக்கும் மேல். பலருக்கு டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்று ஆனது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. விசாரித்தபோது, அவர்களுக்குக் கொடுத்த சீன மூலிகையில் செடி மாறிப்போனது தெரிந்தது. இரண்டு செடிகளின் சீனப் பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்ததுதான் காரணம். மாறி வந்த செடியில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு இருந்தது. அந்தச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் நம் தரிசுகளில் முளைக்கும் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும். 'ஆடு தின்னாது' என்று பெயரிலேயே வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். நாம்தான் பொடியாக்கி டப்பாவில் அடைத்தால் கேள்வி கேட்காமல் வாங்கிவிடுகிறோம்.

அதனால்தான் அந்தப் பிள்ளையின் ஆராய்ச்சியில் முதல் வேலை அரைப்பது அல்ல. பறித்த செடியைப் பூவோடும் வேரோடும் அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, இது இன்ன செடிதான் என்று தாவரவியல் அறிஞர் ஒருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியம் போன்ற இடங்களில் இப்படி ஒட்டிய தாள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அடுத்து நிழலில் உலர்த்தி, வெவ்வேறு கரைப்பான்களில் சாறு எடுக்க வேண்டும். சாற்றைக் கிருமியின் மீதோ செல்லின் மீதோ சோதிக்க வேண்டும். பலன் காட்டும் சாற்றை மட்டும் மறுபடி பல பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் பலன் இருக்கிறதோ அதை இன்னும் பிரித்து, கடைசியில் ஒரே ஒரு சேர்மத்துக்கு வந்து சேர வேண்டும். அதன் அமைப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகுதான் விலங்கு, நஞ்சுத்தன்மை, அதற்கும் பிறகு மனிதர்.

பெரும்பாலானவை நடுவழியில் நின்றுவிடும். கண்ணாடித் தட்டில் புற்றுநோய்ச் செல்லைக் கொன்றது என்று ஒரு செய்தி வந்த உடனே வாட்ஸ்அப்பில் 'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு' என்று அனுப்புகிறார்கள். அன்பர்களே, அந்தத் தட்டில் சோப்புத் தண்ணீரை ஊற்றினாலும் செல் சாகும். அதற்காகச் சோப்புத் தண்ணீர் குடிப்போமா? அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960க்கும் 1982க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான தாவரச் சாறுகளைச் சோதித்தது. மருந்தாகி வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்றான டாக்ஸால், 1962இல் ஒரு மரத்தின் பட்டையைச் சேகரித்ததில் தொடங்கி, 1992இல்தான் அனுமதி பெற்றது. முப்பது வருடம்! ஆனால் இன்று மார்பகப் புற்றுநோய்க்கு எத்தனையோ சகோதரிகளுக்கு அது ஏற்றப்படுகிறது.

நம் சமுதாயத்தவர் ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். டெல்லியின் ஹகீம் அஜ்மல் கான் சாஹிப், யூனானி வைத்தியத்தில் கரைகண்டவர். அவரிடம் நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர் 'என் கைராசி போதும்' என்று இருந்துவிடவில்லை. நம் மூலிகைகளை நவீன வேதியியல் முறையில் ஆராய வேண்டும் என்று விரும்பினார். அலிகரில் படித்து ஜெர்மனிக்குப் போன சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற இளைஞரை அதற்கு ஊக்கப்படுத்தினார். அவர் 1927இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே வருடக் கடைசியில் ஹகீம் சாஹிப் வஃபாத்தாகிவிட்டார். சித்தீக்கி டெல்லி திப்பிய்யா கல்லூரியில் ஆராய்ச்சியைத் தொடங்கி, சர்ப்பகந்தா என்ற செடியின் வேரை எடுத்துக்கொண்டார். பீகார் பக்கம் அதைப் பைத்தியத்துக்கு மருந்தாகக் கொடுப்பார்கள். 1931இல் அந்த வேரிலிருந்து பல சேர்மங்களைப் பிரித்தெடுத்தார். ஒன்றுக்குத் தம் ஆசிரியப் பெருந்தகையின் பெயரையே வைத்தார்: அஜ்மலின். இதயத் துடிப்பின் ஒரு பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று கண்டறிய மருத்துவர்கள் இன்றும் அஜ்மலினைப் பயன்படுத்துகிறார்கள்.

அந்த வேருக்கு ரத்தக் கொதிப்பைக் குறைக்கும் சக்தியும் உண்டு என்று பம்பாயின் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் 50 நோயாளிகளிடம் சோதித்து 1949இல் எழுதினார். உலகமே இந்தியச் செடியைத் திரும்பிப் பார்த்தது. 1952இல் ஸ்விட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. பல வருடங்கள் ரத்தக் கொதிப்புக்கு அதைக் கொடுத்தார்கள். சிலருக்கு மனச்சோர்வு வருவதாக மருத்துவர்கள் கவனித்தபோது எச்சரித்தார்கள். அதைவிட நல்ல மருந்துகள் வந்தபோது அதன் உபயோகம் குறைந்தது. சோதனை என்பது மருந்தைக் கொண்டுவருவதோடு நிற்பதில்லை. வந்த மருந்தையும் விடாமல் கண்காணிக்கிறது.

இப்போது கமிட்டியில் நான் சொல்லாததைச் சொல்கிறேன்.

என் மூத்த லாத்தாவை உங்களில் பலருக்குத் தெரியும். பதினோரு வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரையில் ஓரளவு கட்டுப்பாட்டில் இருந்தது. சில வருடங்களுக்கு முன்பு வெளியூர் போயிருந்தபோது, பள்ளிவாசல் வாசலில் ஒருவர் மூலிகைப் பொடி விற்றுக்கொண்டிருந்தார். பாக்கெட்டில் 'இயற்கையானது, பக்கவிளைவு அற்றது' என்று போட்டிருந்தது. நான்கு பாக்கெட் வாங்கி வந்து லாத்தாவிடம் கொடுத்தேன். மாத்திரையை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை. லாத்தா நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "தம்பி ஓதுனவன், படிச்சவன், அவன் வாங்கித் தந்தா சரியாத்தான் இருக்கும்" என்றாராம்.

நான்கு மாதம் கழித்துக் காலில் ஒரு சிறு புண். ஆறவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது சர்க்கரை 400ஐத் தாண்டியிருந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த இளம் டாக்டர் பொடிப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "சார், இதில் என்ன இருக்கிறது?"

நான் வேதியியல் பட்டதாரி. எனக்குப் பதில் தெரியவில்லை. என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யாரிடம் சோதித்தார்கள் என்ற மூன்று கேள்வியில் ஒன்றைக்கூட வாங்கும்போது நான் கேட்கவில்லை. ஒரு ரூபாய் சந்தாவுக்கு ரசீது கேட்கும் செயலாளர், லாத்தாவின் உடம்புக்குள் போகும் பொருளுக்குக் கணக்குக் கேட்கவில்லை. லாத்தா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அல்லாஹ் எழுதுனது" என்பதோடு விட்டுவிட்டார். ஆனால் மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்தால் அதன் விளைவுக்கு அவரே பொறுப்பு என்ற கருத்தில் வரும் நபிமொழியை நான் ஓதியிருக்கிறேன். அது பொடி விற்றவருக்கு மட்டும் சொன்னதல்ல, வாங்கிக் கொடுத்த எனக்கும்தான். வாட்ஸ்அப்பில் வந்ததை 'பிறருக்கும் பயன்படட்டும்' என்று தள்ளிவிடும் எல்லோருக்கும்தான்.

சிலர் கேட்பீர்கள்: "கருஞ்சீரகத்தைப் பற்றி ஹதீஸே இருக்கிறதே?" இருக்கிறது, நம்புகிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதன் பொருளை எப்படிக் கொள்வது என்று ஹதீஸ் விரிவுரையாளர்களே பலவாறு விளக்கியிருக்கிறார்கள். எந்த நோய்க்கு எத்தனை கிராம், எத்தனை நாள் என்று தேடிக் கண்டுபிடிப்பது நம்மிடம் விடப்பட்ட வேலை. கருஞ்சீரகத்திலுள்ள தைமோகுவினோன் என்ற சேர்மத்தை உலகின் பல நாடுகளில் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது ஹாரிஸ் இப்னு கலதா என்ற மருத்துவரிடம் போகும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. துஆவும் உண்டு, தேர்ந்த மருத்துவரும் உண்டு. ஹதீஸைக் காட்டி இன்சுலினை நிறுத்தச் சொல்பவர், ஹதீஸையும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, இன்சுலினையும் புரிந்துகொள்ளவில்லை.

முறையாகப் படித்துப் பட்டம் பெற்ற யூனானி, சித்த மருத்துவர்களை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னையில் அரசு யூனானிக் கல்லூரி இருக்கிறது, ராயபுரத்தில் யூனானி ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அங்கே போங்கள். ஆனால் எந்த மருத்துவரிடம் போனாலும், மற்றவர் தந்த மருந்தையும் மறைக்காமல் காட்டுங்கள். இரண்டு மருந்து உடம்புக்குள் சண்டை போட்டால் அனுபவிப்பது நீங்கள்தான்.

முடிக்கும் முன், கமிட்டி எடுத்த மூன்று முடிவுகளை அறிவிக்கிறேன்.

ஒன்று, அந்தப் பிள்ளையின் ஆராய்ச்சிப் படிப்புக்கு உதவித்தொகை வழங்குவது. கேள்வி கேட்ட பெரியவரே அதை முன்மொழிந்தார். 'என் நன்னா சொன்ன மூலிகை ரெண்டு இருக்கு, அதையும் பாக்கச் சொல்லுங்க' என்றும் சொல்லியிருக்கிறார். பிள்ளை எழுதி வைத்துக்கொண்டாள்.

இரண்டு, அடுத்த இதழ் முதல் நம் செய்திமடலில் எந்த மருந்துப் பொடிக்கும், தைலத்துக்கும் விளம்பரம் வாங்குவதில்லை. இதனால் அச்சுச் செலவில் துண்டு விழும். அதைச் சந்தாவில் ஈடுகட்ட உங்கள் உதவி தேவை.

மூன்று, மாதந்தோறும் நடக்கும் மருத்துவ உதவி முகாமுக்கு வருபவர்கள் தாங்கள் சாப்பிடும் பொடி, கஷாயம், லேகியம், மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வர வேண்டும். யாரும் ஏசமாட்டார்கள். மருத்துவர் பார்ப்பார், குறித்துக்கொள்வார். போன மாதம் முதல் ஆளாக அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு, நொண்டிக்கொண்டே வந்தவர் என் லாத்தாதான். "நான் வந்தாத்தானடா மத்தவங்க வருவாங்க" என்றார்.

அல்லாஹ் நோயை இறக்கியவன், அதற்கான மருந்தையும் படைத்தவன். தேடும் அறிவையும், தேடும் பொறுமையையும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மையையும் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அவன் தந்தருள்வானாக. நோயுற்றிருக்கும் எல்லோருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.